மேக்கணக்கின் பூச்சியங்கள்

பசறை ரோட்டில் எனக்கென்று ஒரு கல்வீடு கட்டினேன். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்தவன் தன் பெயரில் காணி உறுதி வைத்திருப்பது எங்கள் பக்கத்தில் லேசுப்பட்ட காரியம் இல்லை. மூன்று பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், மூத்தவள் இன்றைக்கு டீச்சர். தமிழ், சிங்களம் இரண்டிலும் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு கணக்கெடுப்புக் குழுவை, ஒரு மேசைகூட இல்லாத இடத்திலிருந்து உருவாக்கினேன். தெமோதரையிலிருந்து பூனாகலை வரைக்கும் நான் கால் வைக்காத தோட்டம் குறைவு. இத்தனையும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் செய்தது.

இதற்கெல்லாம் மேலே, நான் ஒரு ரிக்ரெஷன் மொடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆமாம், கொம்பியூட்டரில் போடுவார்களே, அதுதான். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஆய்வு நிலையத்தில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் காகிதப் படிவம் கொண்டு போவதில்லை. கையில் ஒரு டெப்லெட். பணம் கேட்கும் கட்டத்தை நிரப்பாமல் தாண்டினால் அதுவே ஒரு பூச்சியம் போட்டுக்கொள்கிறதாம். போன மாதம் ஒபிஸ் பக்கம் போனபோது அங்கே ஒரு பிள்ளை அதைப் பெருமையாகக் காட்டியது. பூச்சியம் போடுவது அவ்வளவு லேசான வேலை இல்லை. மேக்கணக்கு என்ற மலையுச்சித் தோட்டப் பிரிவில் நடந்தது தெரிந்திருந்தால் அந்தப் பொறியைச் செய்தவன் அப்படிச் செய்திருக்க மாட்டான்.

நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடிய முன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டில் நின்று, கொழுந்து மூட்டை தூக்கி, அது சரிப்படாமல் பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் ஏறினேன். அங்கேதான் சிங்களம் வந்தது, ஆள் முகம் பார்த்துப் பேசவும் வந்தது. பிறகு கொழும்பிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்களுக்கு வழி காட்டப் போனேன். அவர்கள் கேட்ட கேள்விக்குச் சனம் வாய் திறக்கவில்லை, நான் கேட்டேன், திறந்தது. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அதுதான் என் தொழில். மற்றதெல்லாம் நடந்து நடந்து படித்தது.

என் தலைமேல் பல பேர் இருந்தார்கள். நான் தலைவணங்கியது ஒருவருக்குத்தான், ரிஸ்வானா மேடத்துக்கு. பதுளை பஜாரில் துணிவியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டில் புள்ளிவிபரம் படித்துவிட்டு, அங்கேயே இருக்காமல் திரும்பி வந்தவர். என்னைவிட எவ்வளவோ வயது குறைவு. கடைசிவரை என்னை “பெரியசாமி அண்ணன்” என்றுதான் கூப்பிட்டார். யாரையும் பிழை என்று சொல்ல மாட்டார். பிழை இருந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானை நுனியால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பிழை விட்டவனுக்கே தெரிந்துவிடும்.

அவரிடம் இன்னொரு பழக்கம். தரவுத் தாளில் ஒரு வரியில் விரலை வைத்து, “இது யாரு?” என்று கேட்பார். “இது என்ன?” என்று அவர் கேட்டதே இல்லை. வீட்டு இலக்கம், வயது, நோய், செலவு என்று எண்களாகக் கிடக்கும் ஒரு வரியைப் பார்த்து யாரு என்று கேட்பவரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஆள் யாரென்று நான் சொல்வேன். எனக்குத்தான் தெரியும்.

நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் கொஞ்சம் ஓய்ந்த நேரம். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நடமாடும் கிளினிக் வேன் ஒன்று விட ஒரு உதவி நிறுவனம் பணம் தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு வேன்தான். அதைக் கீழ்க்கணக்கிலேயே, ரோட்டோரம் நிறுத்துவதா, இல்லை மலை உச்சியில் இருக்கும் மேக்கணக்குப் பிரிவுவரை ஏற்றுவதா? மேலே ஏற்றினால் டீசல் செலவு, டயர் செலவு. ஆகவே அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: தூரத்தால் சனத்துக்கு வைத்தியச் செலவு கூடுகிறதா? கூடினால் வேன் மேலே போகும், இல்லாவிட்டால் கீழே நிற்கும். நாங்கள் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் நாட்டில் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு இல்லை. ஆனால் மேக்கணக்கிலிருந்து பதுளைக்கு வர ஆட்டோ ஹயர் இருக்கிறது, கூட வருகிறவருக்கு ஒருநாள் சம்பளம் போகிறது, வெளியில் எடுக்கச் சொல்லும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. நாங்கள் கேட்டது அந்தச் செலவை.

பணம் கேட்பதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் பணம் கேட்கக் கூடாது. பேனையைச் சட்டைப் பையில் போட்டுவிட வேண்டும். “எப்படிப் போனீங்க, யாரு ஆட்டோ, யாரு கூட வந்தா, மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?” என்று வழி கேட்பதுபோல் கேட்க வேண்டும். வழி முழுக்கச் சொல்லி முடித்தால் செலவு தானாக வந்திருக்கும், மொத்தத்தை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. மொத்தத்தைச் சொல்வதில்தான் சிக்கல். எங்கள் சனம் நோயாளி காதுபட அவருக்குச் செய்த செலவைச் சொல்லாது. சொன்னால், உனக்கு இவ்வளவு போச்சு என்று கணக்குக் காட்டியதுபோல் ஆகிவிடும். படுத்திருப்பவர் மனசு உடைந்து எழும்பாமலே போய்விடுவார் என்று ஒரு பயம்.

என் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். வெளியூர்ப் பிள்ளைகளாக இருந்திருந்தால் கூச்சமில்லாமல் கேட்டிருப்பார்கள். கலைவாணி என்று ஒரு பிள்ளை, நல்ல வேலைக்காரி. மேக்கணக்கு அவள் பொறுப்பு. நோயாளி உள்ளே படுத்திருந்த வீடுகளில் அவளுக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்காரி “ஒண்ணுமில்ல” என்றாள், இவளும் பூச்சியம் போட்டுவிட்டு வந்தாள். மரியாதை தெரிந்த பிள்ளைதான் அந்தப் பிழையை விடும். நான் அவளைத் திட்டவில்லை.

ஆக, தரவு வந்து சேர்ந்தபோது செலவு நிரலில் பாதிக்கு மேல் பூச்சியம். மேக்கணக்கில் இன்னும் கூட.

ஒபிஸில் கொம்பியூட்டர் வேலை தினேஷுடையது. பண்டாரவளைப் பையன், கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். முதலில், தூரம் கூடக் கூடச் செலவு எப்படி மாறுகிறது என்று காட்டும் சாதாரணக் கோடு போட்டான். சில வீடுகளுக்குச் செலவு மைனஸில் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்கு ஆஸ்பத்திரி காசு கொடுத்து அனுப்பியதா என்று நான் கேட்டேன், அவனும் சிரித்தான். பிறகு பணத்துக்கு லொக், அதாவது மடக்கை, எடுத்தான். பெரிய தொகைகள் கோட்டை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க அப்படிச் செய்வார்களாம். ஆனால் பூச்சியத்துக்கு லொக் கிடையாது. அதனால் எல்லார் செலவிலும் ஒரு ரூபாய் கூட்டி லொக் எடுத்தான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு ரூபாய்க்குப் பதிலா ஒரு சதம் கூட்டிப் பாருங்களேன்” என்றார். கூட்டினான், விடை மாறியது. நூறு ரூபாய் கூட்டச் சொன்னார், மறுபடி மாறியது. நாம் கையிலிருந்து போட்ட காசு விடையை மாற்றுகிறது என்றால் அது சனத்தின் விடை இல்லை என்று மெதுவாகச் சொன்னார். புடவைக் கடையில் நின்றவனுக்கு அது விளங்கும். முழக்கோலை மாற்றினால் துணி நீளுமா?

தினேஷ் விடவில்லை. பூச்சியத்தைத் தடுப்புச் சுவர்போல் எடுத்துக்கொள்ளும் ஒரு மொடல் இருக்கிறது, டோபிட் என்று பெயர். செலவு பூச்சியத்துக்குக் கீழே இறங்க முடியாமல் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அது நினைக்கும். அதைப் போட்டான். விடை சுத்தமாக வந்தது: தூரத்தால் செலவில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் வேன் கீழேயே நிற்கும்.

எனக்கு அந்த விடை பொய் என்று தெரியும். அந்த மலையில் நான் எத்தனை தடவை மூச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் ஏன் பொய் என்று சொல்லத் தெரியவில்லை. தினேஷ் இன்னொன்றையும் காட்டினான். மேக்கணக்கில் பல வரிகளில் “நோய்: உண்டு, செலவு: பூச்சியம்” என்று இருந்தது. பதிவுப் பிழையாக இருக்கும், அழித்துவிடலாமா என்று கேட்டான்.

மேடம் அதில் ஒரு வரியில் விரலை வைத்தார். “பெரியசாமி அண்ணன், இது யாரு?”

“லெட்சுமி வீடு மேடம். லயத்துக் கடைசியில தொங்கல் காம்பரா. புருஷன் முருகேசுக்குச் சீனி வருத்தம், அதுல கால்ல ஆறாத புண்ணு.”

“அப்ப ஏன் பூச்சியம்?”

செலவழித்திருப்பார்கள், வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், அரை மணித்தியாலத்தில் அந்தப் பூச்சியத்தைத் தொகையாக்கித் தருகிறேன் என்றேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

அடுத்த நாள் காலையில் போனோம். கீழ்க்கணக்குக் கடையோடு ஆட்டோக்காரன் கும்பிடு போட்டுவிட்டான், மேலே ஏறினால் வண்டி தாங்காதாம். மிச்சம் நடை. மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினார். நான் வழி நெடுக என் பழைய வீரப் பிரதாபங்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அவ்வளவு கதையும்.

லெட்சுமி வாசல் இஸ்தோப்பில் பலகை போட்டு உட்கார வைத்தாள். உள்ளே முருகேசு படுத்திருந்தார், கால் துணியால் சுற்றியிருந்தது. நான் தண்ணீர் கேட்பதுபோல் லெட்சுமியைப் பீலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் பேசுவது காம்பராவுக்குக் கேட்காது. என் முறையில் தொடங்கினேன். எப்படிப் போனீங்க, யாரு ஆட்டோ?

“போகலைங்கண்ணே” என்றாள்.

நான் விடவில்லை. கடைசியாகக் கிளினிக் போனது எப்போது, யார் கூட வந்தது என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

“நான் ஒளிக்கல. போயிருந்தா ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? பெற்றோல் இல்லாத காலத்துல ஆட்டோக்காரன் கேட்ட காசு ஒரு மாசக் கொழுந்துக் காசு. அப்ப நின்னது நின்னதுதான். புண்ணு காஞ்சிருச்சு, இனி போகத் தேவையில்லைன்னு அவரு சொல்றாரு. நானும் ஆமாங்கிறேன். காயலைன்னு எனக்குத் தெரியும். துணி தொவைக்கிறவ நான்தானே. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்ணே.”

குடத்தை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

திரும்பி வந்தால் மேடம் உள்ளே, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முருகேசு அவரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிறுத்தி, பாதையெல்லாம் எப்படி இருக்கிறது என்று என்னை விசாரித்தார். லெட்சுமி ப்ளேன்டீ ஊற்றினாள். அவர் ஒரு கை நீட்டி அவள் தலையில் ஒட்டியிருந்த தேயிலை இலையை எடுத்துப் போட்டார். மேடமும் நானும் டீயைப் பார்த்துக்கொண்டு குடித்தோம்.

இறங்கும்போது மேடம் சொன்னார், முருகேசு தன்னிடம் ஒரு உதவி கேட்டாராம். “புண்ணு ராவெல்லாம் வலிக்குது மேடம். அவகிட்ட சொல்லிராதீங்க. தெரிஞ்சா காதுத் தோட்டை அடகு வச்சிருவா.”

பீலியில் நடந்ததை நானும் சொன்னேன். கீழ்க்கணக்கு வளைவில் ஒரு மதகு இருக்கிறது. அதில் மேடம் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்தார், இந்த முறை யார் பிழைக்காகவும் இல்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் பேசினார். நோயே இல்லாத வீட்டிலும் பூச்சியம், செலவழித்தும் சொல்லாத வீட்டிலும் பூச்சியம், இந்த வீட்டிலும் பூச்சியம் என்றார். இவர்கள் பூச்சியத்தில் முட்டிக்கொண்டு நிற்கவில்லை, போவதில்லை என்று ஆளுக்கு ஆள் தெரியாமல் முடிவெடுத்திருக்கிறார்கள் என்றார். பிறகு, தூரம் இங்கே இரண்டு வேலை செய்கிறது என்று விளக்கினார். பலரைப் போகவிடாமல் நிறுத்துகிறது, அவர்களுக்குச் செலவு குறைகிறது. மீறிப் போகிறவர்களிடம் கூடக் காசு பிடுங்குகிறது, அவர்களுக்குச் செலவு கூடுகிறது. டோபிட் இரண்டையும் ஒரே கோட்டில் போடுகிறது. ஒன்றை ஒன்று தின்றுவிட்டு, தூரத்தால் வித்தியாசமில்லை என்று சொல்கிறது.

அப்போது நான் சொன்னேன். எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

“அப்ப ரெண்டாப் பிரிச்சுப் போட்டா என்ன மேடம்? போனியா இல்லையாங்கிறது ஒண்ணு. போனவங்களுக்கு எவ்வளவுங்கிறது ரெண்டு. நாங்க வீட்டுல போய்க் கேக்குறது அப்படித்தானே.”

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கு ஒரு பேர் இருக்கு அண்ணன். இருபகுதி மொடல்.” அப்படிச் சொல்லிவிட்டு, “அதுதான் போடப் போறோம்” என்றார்.

மேடத்துக்கு அது முன்பே தெரிந்திருக்கும், உன்னைப் பேசவிட்டுக் கேட்டிருப்பார் என்று என் மகள் சொல்கிறாள். தெரிந்திருக்கட்டும். மதகில் உட்கார்ந்து அதைச் சொன்ன வாய் என் வாய்.

ஆனால் அதற்கு முன் பொய்ப் பூச்சியங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. அது முழுக்க என் வேலை. “நோய் உண்டு, செலவு பூச்சியம்” என்ற ஒவ்வொரு வீட்டுக்கும் கலைவாணியும் நானும் திரும்பப் போனோம். பீலியடியில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், கோயில் வாசலில், நோயாளி காதுக்கு எட்டாத இடம் பார்த்துக் கேட்டோம். நான் கேட்பதைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் அவள் என்னைவிட நன்றாகக் கேட்டாள். செலவழித்துச் சொல்லாதவர்களின் தொகை வந்தது. தொகை ஞாபகமில்லை என்றவர்களுக்குத் ‘தெரியாது’ என்று எழுதினோம், பூச்சியம் போடவில்லை. போகாதவர்களின் பூச்சியம் பூச்சியமாகவே நின்றது. இப்போது அது உண்மையான பூச்சியம்.

தினேஷ் இரண்டு பகுதியாகப் போட்டான். ஆள் மாறிவிட்டிருந்தான், ஒவ்வொரு வரியிலும் என்னிடம் யாரு யாரு என்று கேட்டு உயிரை எடுத்தான். முதல் பகுதி, போனார்களா இல்லையா: மேலே போகப் போக, போவது சரிந்துகொண்டே போனது. இரண்டாம் பகுதி, போனவர்களுக்கு எவ்வளவு: மேலே போகப் போக ஏறிக்கொண்டே போனது. அதில் லொக் எடுத்துத் திரும்ப ரூபாயாக மாற்றும் தொல்லை வேண்டாம் என்று, வலப்பக்கம் நீண்ட வால் உள்ள பணத்துக்குப் பொருந்தும் காமா என்ற முறையை மேடம் போடச் சொன்னார். அது அவருடைய கெட்டித்தனம், நான் உரிமை கோரவில்லை.

பதுளையில் கூட்டம். உதவி நிறுவனத்து அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு ஒரே ஒரு எண் வேண்டும். எங்களுக்கு எதற்கு இரண்டு விடை, சராசரியைச் சொல்லுங்களேன் என்றார். மேடம் பொறுமையாக, போகும் வாய்ப்பையும் போனவர் செலவையும் பெருக்கினால் அந்தச் சராசரி கிடைக்கும், அது மேக்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று காட்டினார். அதிகாரி, அப்படியானால் வித்தியாசம் இல்லையே என்று பேனையை மூடினார்.

மேடம் என் பக்கம் திரும்பி, “அண்ணன், நீங்க சொல்லுங்க” என்றார். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால்.

நான் எழும்பி நின்றேன். பெயர் எதுவும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தோம்; இங்கே நான் எழுதியிருப்பதும் அவர்களுடைய சொந்தப் பெயர் இல்லை. “ஐயா, கீழ எல்லாரும் கொஞ்சம் செலவழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. மேல ஒருத்தர் நிறையச் செலவழிச்சுப் போறாரு, பக்கத்து வீட்டுக்காரர் போகாம புண்ணோட படுத்திருக்காரு. ரெண்டையும் கூட்டிப் பிரிச்சா ஒரே கணக்குத்தான் வரும். ஆனா வேன் யாருக்கு வேணும்?”

அதிகாரி பேனையைத் திறந்தார்.

வேன் வாரம் ஒருநாள் மேக்கணக்குக் கோயிலடி வரைக்கும் ஏறியது. முருகேசுக்கு இரண்டு கால்விரல் போனது, கால் மிஞ்சியது. முதல் நாள் லெட்சுமி அவர் கையைப் பிடித்து வேனுக்குக் கூட்டி வந்தபோது நான் அங்கே நின்றேன். புண் காய்ந்துதான் இருக்கு, சும்மா ஒருதரம் காட்டலாம் என்று அவர் சொன்னார். ஆமாங்க, சும்மா காட்டுவோம் என்று அவளும் சொன்னாள். வைத்தியர் துணியை அவிழ்க்கும்போது இரண்டு பேரும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை மட்டும் விடவில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பூச்சியம் நிறைந்த பணத் தரவுக்கு எந்த மொடல் என்று எங்கள் நிலையம் புதியவர்களுக்கு ஒரு கைநூல் வைத்திருக்கிறது. மேக்கணக்கு அதில் உதாரணமாக இருக்கிறது. ரிஸ்வானா மேடத்தின் பெயர் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். தினேஷின் பெயரும் இருக்கிறது. அந்த மதகுப் பேச்சு வரும் இடத்தில் “களப்பணியாளர் ஒருவர் சுட்டிக்காட்டியபடி” என்று போட்டிருக்கிறார்கள். மேடம் மறுபடி வெளிநாடு போன பிறகு யாரோ சுருக்கியதாம். இப்போது அதைத் திரும்ப அச்சடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

களப்பணியாளர் ஒருவர் என்று யாரும் இல்லை. அந்த மலையில் ஏறியவனுக்குப் பெயர் இருக்கிறது. எனக்குப் பணம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். நன்றிப் பக்கத்தில், தேநீர் ஊற்றியவர்களுக்கு நடுவில் போட வேண்டாம். மொடல் தேர்ந்தெடுத்ததைச் சொல்லும் அதே பக்கத்தில், மேடத்தின் பெயருக்கு அடுத்ததாக, பெரியசாமி என்று முழுதாகப் போடுங்கள். திரும்பப் போய்க் கேட்டதைச் சொல்லும் வரியில் கலைவாணியின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் என்னிடம் காட்டுங்கள். அந்தப் பக்கத்தில் நானும் ஒருமுறை விரலை வைத்து, இது யாரு என்று கேட்டுப் பார்ப்பேன்.